ரத்தம் குறைந்தால் தட்டைப் பாருங்கள்

லேப் ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 9.4. பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. அடுத்து வீட்டில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். மருந்துக்கடையில் சத்து டானிக் ஒரு பாட்டில், சந்தையில் பீட்ரூட் ஒரு கிலோ, மாதுளை அரைக் கிலோ. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எண் 9.3 ஆகியிருக்கும். "வயசாச்சுல்ல, இனிமே எங்க ஊறப்போவுது" என்று எல்லோருமாகச் சேர்ந்து பேச்சை முடித்துவிடுவார்கள்.

வயதானால் ரத்தம் ஊறாது என்பது பொய். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச ஹீமோகுளோபின் அளவு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஆணுக்கு 13 கிராம், கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம். அறுபதைத் தாண்டியவர்களுக்கென்று தனிச்சலுகை எதுவும் அதில் இல்லை. எண்பது வயதுப் பாட்டிக்கு 10 கிராம் இருந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு, அதைத் தேட வேண்டும். அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய பெரிய தேசியக் கணக்கெடுப்பு ஒன்றின்படி நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு ரத்தச்சோகை. 85ஐத் தாண்டியவர்களில் அது இருபதுக்கும் மேல். அந்த ரத்தச்சோகைக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இரும்பு, ஃபோலேட், பி12 போன்ற சத்துகளின் குறைவு. இன்னொரு பங்கினருக்கு நாள்பட்ட நோயும் சிறுநீரகக் கோளாறும். மீதிப் பேருக்குக் காரணம் பிடிபடவில்லை. சத்துணவு கிடைப்பதாக நாம் நினைக்கும் நாட்டின் கணக்கே இது.

நம் ஊரில் இவர்களை எண்ணுவதற்கே ஆளில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் பெண்களுக்கு விரல் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தது 49 வயதோடு நின்றுவிட்டது. 2018இல் தொடங்கிய அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் ஆறு பிரிவினர் உண்டு: இரு வயதுப் பிரிவுக் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், பிள்ளை பெறும் வயதுப் பெண்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள். பாட்டியும் தாத்தாவும் அந்த ஆறில் இல்லை. அவர்களுடைய ரத்தத்தைக் கவனிக்கும் பொறுப்பு இப்போதைக்கு வீட்டில் இருப்பவர்களுடையதுதான்.

ஒன்று மற்றொன்றை இழுக்கும் விதம்

சாப்பாடு குறைந்தால் ரத்தம் குறையும். இது எல்லோருக்கும் தெரியும். ரத்தம் குறைந்தால் சாப்பாடும் குறையும் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

ஹீமோகுளோபின் இறங்கும்போது மேல்மூச்சு வாங்கும், கால் தளரும். தனியாக இருக்கும் முதியவருக்கு அடுப்படியில் இருபது நிமிடம் நிற்பதே பெரிய வேலையாகிவிடும். இரும்போ பி12ஓ குறைந்தவர்களுக்கு நாக்கு வழுவழுவென்று சிவந்து எரியும், கடைவாய் வெடிக்கும், குழம்பில் காரம் பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். ருசி மங்கிப்போகும். அப்புறம் எது சிரமமில்லாமல் இறங்குமோ அதுதான் சாப்பாடு: டீயும் வறுக்கியும், ரசம் சாதம், மோர் சாதம், கஞ்சித் தண்ணீர். இவற்றில் இரும்பும் சொற்பம், புரதமும் சொற்பம். ரத்தம் இன்னும் இறங்கும், பசி இன்னும் மந்தமாகும்.

இதற்குள் மூன்றாவதாக ஒன்றும் ஒளிந்திருக்கலாம். காசநோய், மூட்டுவாதம், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் போன்றவை உடலில் நீண்ட நாள் அழற்சியை உண்டாக்கும். அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். குடலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வரும் வாசலை அது அடைத்துவிடும். குதிர் நிறைய நெல் இருந்தும் சாவி தொலைந்த வீட்டின் கதை. அதே அழற்சி பசியையும் கொல்லும், தசையையும் கரைக்கும். பார்ப்பவர்களுக்கு, "சரியா சாப்பிடறதில்ல, அதான் இளைச்சிட்டாரு" என்று தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம் மூன்றும் சேர்ந்திருந்தால் சத்துமாவு கரைத்துக் கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

மூன்று நாள் தட்டு

முதியவரின் சாப்பாட்டைப் பற்றி யாரைக் கேட்டாலும் "நல்லாத்தான் சாப்பிடறாங்க" என்பார்கள். பரிமாறியவரின் கணக்கு அது. தட்டு கழுவுகிறவரைக் கேளுங்கள். ஒரு நோட்டில் மூன்று நாள் எழுதுங்கள். பரிமாறியதை விட்டுவிட்டு, உள்ளே போனதை மட்டும் குறியுங்கள். இரண்டு இட்லி வைத்து ஒன்று மீந்திருந்தால் ஒன்று என்றே எழுத வேண்டும்.

பெரும்பாலான நோட்டுகள் இப்படி இருக்கும்: காலையில் ஒரு டீ, இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதம், ரசம், கொஞ்சம் பொரியல், நாலு மணிக்கு டீ, இரண்டு பொறை, இரவு மோர் சாதம், ஊறுகாய். வயிறு நிறைந்திருக்கும். புரதத்தைக் கூட்டிப் பார்த்தால் 20 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். முதியவருக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. 45 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளைக்கு 45 முதல் 54 கிராம். பாதிகூட வரவில்லை. ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிற இடம் சிறிது. மற்றதில் பெரும்பகுதி குளோபின் என்ற புரதம். இரும்பு மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு ரத்தம் ஏறக் காத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மீதி 30 கிராமை எங்கே சேர்ப்பது? ஒரு முட்டை 6 கிராம். ஒரு டம்ளர் பால் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சிறு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 6 கிராம். பருப்பைத் தெளிவாக ஊற்றாமல் கெட்டியாகக் கடைந்து ஊற்றினால் இன்னும் 6, 7 கிராம். கெட்டித் தயிர் ஒரு கிண்ணம் 4 கிராம். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய வந்துவிட்டது. இதற்குப் பவுடர் டப்பா வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலான வீடுகளில் இல்லை. விளம்பரத்தில் தாத்தாவை ஓட வைப்பது டப்பா விற்பவர்களின் தொழில். (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரத அளவு மாறும். அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.)

கணக்குப் போடுவது எளிது, சாப்பிட வைப்பதுதான் பாடு. "அத்தை, முட்டை அவிச்சு வச்சிருக்கேன், சாப்பிடுங்க" என்றால், "எனக்கெதுக்குடி, பேரனுக்குக் குடு" என்று பதில் வரும். எல்லோரும் சாப்பிட்ட பின் மீந்ததை உண்டே வாழ்நாளைக் கழித்த பெண்கள் இவர்கள். தனக்கென்று ஒரு முட்டையை எடுத்துக்கொள்வது அவர்களுக்குக் கூச்சமான காரியம். பேரனோடு உட்கார வைத்து இருவர் தட்டிலும் ஒரே நேரத்தில் வையுங்கள். பல் இல்லையென்றால் சுண்டலை நன்றாகக் குழைய வேகவைத்து மசியுங்கள், முட்டையை ரசத்தில் உடைத்து ஊற்றுங்கள். பல்செட் ஆடினால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். எடை இறங்கினால் ஈறும் சுருங்கும் என்பதால் போன வருடம் பொருந்திய செட் இந்த வருடம் பொருந்தாது.

இன்னொரு கொடுமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்காகப் பழத்தை நிறுத்து, பிரஷருக்காக உப்பை நிறுத்து, கொழுப்புக்காக முட்டை மஞ்சளை நிறுத்து, வாயுவுக்காகப் பருப்பை நிறுத்து என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்ல, பாவம் அந்த மனிதருக்குத் தட்டில் மிஞ்சுவது கஞ்சிதான். அதில் பாதி அறிவுரை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. எடை இறங்கிக்கொண்டிருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கு இவ்வளவு பத்தியம் வேண்டுமா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பல தடைகளைத் தளர்த்தச் சொல்வார்.

உடம்பை அளப்பது

மூப்பியல் மருத்துவத்தில் எம்.என்.ஏ. என்ற ஊட்டச்சத்துக் கேள்வித்தாளின் சுருக்க வடிவம் ஒன்று உண்டு. ஆறே கேள்விகள், மொத்தம் 14 மதிப்பெண். மூன்று மாதத்தில் சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, வெளியே நடமாட்டம் உண்டா, மூன்று மாதத்துக்குள் பெரிய நோயோ துக்கமோ வந்ததா, மறதியோ மனச்சோர்வோ உண்டா, உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா. 12 முதல் 14 வரை சரி, 8 முதல் 11 வரை ஆபத்தின் விளிம்பு, 7 அல்லது அதற்குக் கீழே ஊட்டச்சத்துக் குறைவு. ஆறாவது கேள்விக்கு எடை பார்க்க முடியாதவர்கள் கெண்டைக்காலை அளக்கலாம். நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் தரையில் பதிந்திருக்க, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் தையல் டேப்பைச் சுற்றுங்கள். 31 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்கிறது.

காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவும் ஏமாற்றும், எடைக்கருவியும் ஏமாற்றும். கடும் ரத்தச்சோகையிலும் புரதக் குறைவிலும் கால் வீங்கும். உடல் இளைத்தது தெரியாமல் எடை அப்படியே நிற்கும். அப்போது வளையல் முழங்கைப் பக்கம் ஏறுகிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா, ரவிக்கை தோளில் தொங்குகிறதா என்று பாருங்கள். பருமனாக இருப்பவர் நன்றாகச் சாப்பிடுகிறவர் என்றும் நம்பிவிட வேண்டாம். சோறும் இட்லியும் மட்டுமே தின்று தொப்பை வைத்த சர்க்கரை நோயாளிக்கு இரும்பு, பி12, புரதம் மூன்றும் சேர்ந்து குறைந்திருக்கலாம்.

மாத்திரைப் பை

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட்டோடு மாத்திரைப் பையையும் முழுசாகக் கொண்டு போங்கள். ரத்தக் குறைவின் காரணம் பல சமயம் அந்தப் பைக்குள் இருக்கும்.

சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 இறங்கும். "கேஸ் மாத்திரை" என்று நாம் சொல்லும் ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் வகைகள் வயிற்று அமிலத்தை அடக்கும். பி12ஐ உணவிலிருந்து பிரித்தெடுக்கவும் இரும்பை உறிஞ்சவும் அந்த அமிலம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். பத்து நாளுக்கு எழுதிக் கொடுத்த கேஸ் மாத்திரையைப் பத்து வருடமாகத் தொடர்கிறவர்களும் உண்டு.

ஆஸ்பிரினும் முட்டிவலி மாத்திரைகளும் வேறு விதம். இவை வயிற்றில் புண்ணாக்கித் துளித்துளியாக ரத்தத்தைக் கசியவிடும். பல சமயம் வலி தெரியாது. கருத்து, தார் போல ஒட்டி, கெட்ட நாற்றத்தோடு மலம் போனால் உடனே மருத்துவமனை. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் மலம் கருக்கும். ஆனால் அது ஒட்டாது, அந்த நாற்றம் இருக்காது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ எந்த வயது ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது என்று உறுதியானால், குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தே தீர வேண்டும். கீரை சாப்பிடாததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஒன்று தப்பிப் போகக்கூடும். எண்டோஸ்கோப்பி என்றதும் "இந்த வயசுல குழாய் விட்டு எதுக்கு" என்று மறுப்பவர்கள் உண்டு. மிகவும் தளர்ந்தவர்களுக்கு அந்த முடிவை மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்கலாம், பேசாமலே விட்டுவிடக் கூடாது. வெறுங்காலோடு வயல் வேலை செய்தவர்களுக்குக் கொக்கிப்புழுவும் ஒரு காரணம். அதற்கு மருந்து மலிவு.

பி12 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது பால், முட்டை, மீன், கறியில் மட்டும்தான் இருக்கிறது, கீரையிலோ பருப்பிலோ கிடையாது. கல்லீரலில் சில வருடங்களுக்கான சேமிப்பு இருப்பதால் குறைவு மெதுவாகத்தான் தெரியவரும். பாதம் மரத்துப்போவது, நடக்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் போவது, மறதி, எரிச்சல் எல்லாம் இதன் அடையாளங்கள். சர்க்கரையால் நரம்பு கெட்டது என்றோ வயதின் கோளாறு என்றோ இவற்றைத் தள்ளிவிடுவது வழக்கம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஏறும், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ஊசிதான் போட வேண்டும் என்பதில்லை. 1,000 மைக்ரோகிராம் மாத்திரையும் பலருக்கு வேலை செய்யும். நரம்புக் கோளாறு தொடங்கியவர்களுக்கு ஊசியே முதலில்.

சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சி.பி.சி. என்ற முழு ரத்த எண்ணிக்கை; அதில் சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 80க்குக் கீழே என்றால் இரும்பு குறைந்திருக்கலாம், 100க்கு மேல் என்றால் பி12 அல்லது ஃபோலேட். இரண்டும் சேர்ந்து குறைந்தால் எம்.சி.வி. நடுவில் நின்று ஏமாற்றும். பிறகு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின். 30க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு. அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால் 100 வரையிலும் சந்தேகப்படலாம். பி12, கிரியேட்டினின், தைராய்டு ஆகியவற்றை மருத்துவர் சேர்ப்பார். ஹீமோகுளோபின் மட்டும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறவரிடமும் சொல்லி வையுங்கள்.

சமையலறையில்

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பு, அவ்வளவுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் பீட்ரூட்டில் 1 மி.கி. இரும்புகூட இல்லை, மாதுளையில் அதிலும் குறைவு. முருங்கைக்கீரையில் நாலரை மி.கி., கம்பில் ஆறுக்கு மேல். ஆனால் செடிகொடியின் இரும்பில் சிறு பங்குதான் உடலில் சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று அதே வேளையில் இருந்தால் அந்தப் பங்கு கூடும். கீரையை இறக்கி ஆறிய பின் எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி போய்விடும்.

கறி சாப்பிடுகிற வீட்டில் வேலை எளிது. நம் கறிக்கடைகளில் சுவரொட்டி என்று கேட்டு வாங்கும் ஆட்டு மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மி.கி. அளவுக்கு இரும்பு உண்டு. அதுவும் எளிதில் சேரும் வகை. பழைய ஆட்கள் சொன்னது இந்த விஷயத்தில் சரி. ஈரலில் இரும்போடு பி12உம் ஃபோலேட்டும் உண்டு. ரத்தப் பொரியலும் நல்லதே. வாரம் ஒருமுறை, கொஞ்சமாக, நன்றாக வேகவைத்து. யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களுக்கு இவை ஆகாது. கருவாட்டில் சத்து உண்டு, உப்பும் உண்டு. பிரஷர்காரர்கள் நெத்திலியைப் பச்சையாக வாங்கிக் குழம்பு வைக்கலாம். சைவ வீடுகளில் பாலும் தயிரும் சேர்ந்து நாளைக்கு அரை லிட்டராவது வேண்டும், நீர்மோர் அந்தக் கணக்கில் வராது.

நான்ஸ்டிக்கை ஓரம் வைத்துவிட்டுப் பழைய இரும்பு வாணலியை எடுங்கள். புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பு அதில் கொதித்தால் கொஞ்சம் இரும்பு குழம்பில் இறங்கும். டீ, காபி சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். டீயை அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். பல முதியவர்களுக்கு நாளில் மிஞ்சியிருக்கும் ஒரே சந்தோஷம் அது.

பாட்டிலில் ஏற்றுவது

"ரொம்ப வீக்கா இருக்காங்க, ஒரு குளுக்கோஸ் போட்டுடுங்க டாக்டர்" என்று கேட்கிறோம். அரை லிட்டர் 5 சதவீதக் குளுக்கோஸ் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான் உண்டு, 100 கலோரிக்கு மேல் இல்லை. ஒரு வாழைப்பழத்தில் கிடைப்பது. புரதமும் இரும்பும் சுத்தமாகக் கிடையாது.

ரத்தம் ஏற்றுவது பெரும்பாலும் ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனவர்களுக்கு. இதய நோய் இருந்தால் 8க்குப் பக்கத்திலேயே யோசிப்பார்கள். வயதான, மெலிந்த உடம்புக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். "ரெண்டு பாட்டிலையும் இன்னைக்கே ஏத்திடுங்க" என்று அவசரப்படுத்த வேண்டாம். நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, மயக்கம், ரத்த வாந்தி இருந்தால் 108ஐ அழையுங்கள்.

பல நாளாக ஏறக்குறைய பட்டினியாகவே கிடந்தவருக்குத் திடீரென்று மூன்று வேளையும் வயிறு முட்ட ஊட்டுவதும் ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். இப்படிப்பட்டவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

இரும்பு மாத்திரை

அதிகம் கொடுத்தால் அதிகம் ஏறும் என்பதில்லை. இஸ்ரேலில் 80 வயதைக் கடந்த 90 பேரிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில் நாளைக்கு 15, 50, 150 மி.கி. என்று மூன்று விதமாக இரும்பு கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் மூன்று குழுவிலும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியது. வயிற்று உபாதை மட்டும் அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு அதிகம். மலச்சிக்கலுக்குப் பயந்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும் முதியவர்களைத் திட்டாதீர்கள். அளவைக் குறைக்கலாமா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எதுவுமே ஒத்துக்கொள்ளாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றும் வழியும் இருக்கிறது.

மாத்திரையைப் பாலோடும் டீயோடும் கொடுக்க வேண்டாம். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி, தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம். எல்லாவற்றையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்க வைத்தால் எதுவும் சரியாகச் சேராது.

நான்கு வாரத்தில் மறுபடி ரத்தம் பாருங்கள். ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மாத்திரை உள்ளே போகிறதா, தட்டு மாறியிருக்கிறதா, எங்காவது ரத்தம் கசிகிறதா, வேறு நோய் இருக்கிறதா என்று இந்த வரிசையிலேயே மருத்துவரோடு பாருங்கள். ஏறிவிட்டது என்றாலும் உடனே நிறுத்த வேண்டாம். அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்பும்.